நாடி சொல்லும் அளவு

விடிந்தும் விடியாத வேளை. தில்லியில் லோதி தோட்டத்துப் பாதைகளிலும், மும்பையில் சிவாஜி பூங்காவைச் சுற்றிலும், கொல்கத்தாவில் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையிலும், பெங்களூரில் கப்பன் பூங்காவின் மர நிழலிலும் நடை பயில்வோர் கூட்டத்தை நாள்தோறும் காண்கிறோம். அக்கூட்டத்தினிடையே தமிழ்ப் பேச்சும் காதில் விழாமற் போவதில்லை. ஒருவர் வீட்டுச் செலவுக் கணக்கைப் பேசிக்கொண்டு ஆற அமர நடக்கிறார். மற்றொருவர் யாரோ துரத்துவதுபோல் மூச்சிரைக்க ஓடுகிறார். இருவரும் வீடு திரும்பி, “இன்றைய தேகப்பயிற்சி ஆயிற்று” என்று மனநிறைவு கொள்கின்றனர். ஆனால் முன்னவருக்கு அந்த நடை போதுமா? பின்னவருக்கு அந்த ஓட்டம் தகுமா? இக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய துணை ஒன்று அவ்விருவரிடமும் எந்நேரமும் இருக்கிறது. மணிக்கட்டில் விரல் வைத்தால் அது பேசத் தொடங்கிவிடும். நாடித்துடிப்பைத்தான் சொல்கிறேன்.

நாடியைக் கொண்டு பயிற்சியின் வேகத்தை அளந்துகொள்வது எவ்வாறு, அந்த அளவுகோல் எவ்விடத்தில் நம்மை ஏமாற்றும் என்னும் இரண்டையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன். இரண்டாவதை வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. முதலாவதை மட்டும் சொல்லி, இரண்டாவதைச் சொல்லாமல் விட்டு, ஒரு நண்பரை ஆபத்தின் விளிம்புவரை கொண்டுசென்றவன் நான். அந்தக் கதையை உரிய இடத்தில் சொல்கிறேன்.

பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களுக்கு வந்த நம்மில் பலர் நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலையையே மேற்கொண்டிருக்கிறோம். அடுக்குமாடி வீட்டிலிருந்து மின்தூக்கியில் இறங்கி, மெட்ரோ ரயிலில் ஏறி, அலுவலகத்தில் அமர்ந்து, மீண்டும் அவ்வழியே திரும்பிவிடுகிறோம். நாள் முழுவதும் இருதயத்திற்கு வேலையென்று ஒன்று தரப்படுவதில்லை. இதன் விளைவு சிறிதன்று. 52 நாடுகளில் நடத்தப்பெற்று 2004-ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி, மாரடைப்பின் காரணங்களைத் தொகுத்துக் காட்டியது. அதன் தொடர்ச்சியாக 2007-இல் வெளிவந்த கட்டுரை, தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், ஏனைய நாட்டவர்க்கு அது ஏறத்தாழ 59 என்றும் கூறிற்று. ஆறு ஆண்டுகள் முந்திக்கொள்கிறது. மகளின் திருமணமும் மகனின் படிப்பும் வீட்டுக்கடனும் ஒருங்கே நிற்கும் வயது அது. புகை, சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு முதலியவற்றோடு, உடலுக்கு அசைவு இல்லாமையையும் அவ்வாராய்ச்சி ஒரு காரணமாகக் குறித்தது. ஆதலின் பயிற்சி வேண்டும் என்பதில் ஐயமில்லை. எவ்வளவு வேகத்தில் என்பதே கேள்வி.

முதலில் இருதயத்தின் தொழிலைச் சற்று நோக்குவோம். ஓய்வாய் அமர்ந்திருக்கும் ஒருவருடைய இருதயம் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 70 முறை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு சுருக்கத்திலும் ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் இரத்தம் வெளியே தள்ளப்படுகிறது. பெருக்கிப் பார்த்தால் நிமிஷத்திற்கு 5 லிட்டர். ஒரு நாளில் இருதயம் துடிப்பது ஒரு லட்சம் முறை. நாம் விரைந்து நடக்கத் தொடங்கியதும் கால் தசைகள் மிகுதியான பிராணவாயுவைக் கேட்கின்றன. அதைச் சுமந்து செல்வது இரத்தமே. எனவே இருதயம் இறைக்கும் இரத்தம் பெருகியாக வேண்டும். நல்ல உடல்நிலையுள்ள சாதாரண மனிதர் தம் முழு வலிமையையும் செலுத்தும்போது, அது நிமிஷத்திற்கு 20 லிட்டர் அளவுக்கு உயர்கிறது.

இந்தப் பெருக்கத்தில் பெரும்பங்கு, துடிப்பின் எண்ணிக்கை கூடுவதனால் வருவது. ஓய்வின்போது வேகஸ் என்னும் நரம்பு இருதயத்தைக் கடிவாளமிட்டு நிறுத்தி வைத்திருக்கிறது. நடக்கத் தொடங்கியவுடன் அந்தக் கடிவாளம் தளர்கிறது. வேலை மேலும் கடினமாகும்போது, அட்ரினலின் முதலிய சுரப்புகளும், இருதயத்தை ஊக்கும் மற்றொரு நரம்பு மண்டலமும் அதை விரட்டுகின்றன. தசைகள் செலவிடும் பிராணவாயு எவ்வளவு கூடுகிறதோ, பெரும்பாலும் அதே வீதத்தில் துடிப்பும் கூடிச் செல்கிறது. தசைக்குள் நடக்கும் செலவை நாம் கண்ணால் காண முடியாது. ஆனால் அதனோடு சேர்ந்து ஏறி இறங்கும் நாடியை விரலால் அறிய முடியும். நாடி அளவுகோலாகப் பயன்படுவதன் அடிப்படை இதுவே.

நாடி பார்த்தல் நமக்குப் புதிதன்று. நம் நாட்டு வைத்தியர் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், ஐயம் என்று அதன் நடையைப் பிரித்தறிய முயன்றனர். நடையை அறிவது வேறு. எண்ணிக்கையை அறிவது வேறு. எண்ணுவதற்குக் காலத்தைச் சிறு கூறுகளாய் அளக்கும் கருவி வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய வைத்தியர் சாந்தோரியோ, ஊசற்குண்டின் நூலை நீட்டியும் குறுக்கியும் அதன் ஆட்டத்தை நாடியோடு ஒத்துப் போகச் செய்து, நூலின் நீளத்தைக் கொண்டு நாடியின் வேகத்தைக் குறித்தார். 1707-இல் இங்கிலாந்து வைத்தியர் ஜான் ஃபிளாயர், நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிஷம் ஓடும் கடிகாரத்தைப் பயன்படுத்தி அதைப் பற்றி நூல் எழுதினார். இன்று நம் கையிலுள்ள எந்தக் கடிகாரமும் இப்பணியைச் செய்யும்.

நாடி எண்ணும் முறையைச் சொல்கிறேன். இதைப் படிக்கும்போதே செய்து பாருங்கள். இடக்கையின் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் எலும்புக்கு உட்புறமாக உள்ள சிறு பள்ளத்தில், வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் நாடி பார்க்கலாகாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு, அது கணக்கைக் குழப்பும். துடிப்பு தெளிவாகத் தெரிந்தவுடன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்குங்கள். ஓய்வுநிலைத் துடிப்பை அறிய, காலையில் கண்விழித்ததும், படுக்கையை விட்டு எழுமுன், காப்பி அருந்துமுன், ஒரு நிமிஷம் முழுவதும் எண்ண வேண்டும். மூன்று நான்கு நாட்கள் எண்ணிச் சராசரி எடுப்பது நலம். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பர். நெடுநாள் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களுக்கு அது 50-க்கும் கீழே இருப்பதுண்டு.

பயிற்சியின்போது எண்ணுவது சற்று வேறு. நின்றவுடனே துடிப்பு இறங்கத் தொடங்கிவிடுமாதலால், ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணினால் உண்மையைவிடக் குறைவான எண்ணே கிட்டும். ஆகையால் நின்ற கணமே விரலை வைத்து, 10 விநாடி எண்ணி, 6-ஆல் பெருக்குங்கள். 19 துடிப்பென்றால் நிமிஷத்திற்கு 114. கழுத்து நாடியைப் பார்ப்பவர்கள் ஒருபுறத்தில் மட்டும், மென்மையாகத் தொட வேண்டும். இரு புறமும் அழுத்தினால் மயக்கம் வரக்கூடும்.

இனி, எந்த எண்ணை நோக்கிச் செல்வது என்று பார்ப்போம். இருதயம் துடிக்கக்கூடிய உச்ச வேகம் என்று ஒன்று உண்டு. வயது ஏற ஏற அது குறைகிறது. பயிற்சியால் அதை உயர்த்த முடியாது. 220-லிருந்து வயதைக் கழித்தால் அது கிடைக்கும் என்னும் கணக்கு உலகெங்கும் பரவியிருக்கிறது. 1971-இல் அமெரிக்க அறிஞர் சிலர், முன்னரே வெளிவந்த பல ஆராய்ச்சிகளின் எண்களை ஒரு படத்தில் குறித்து, அவற்றினூடே ஏறத்தாழ ஒரு கோடு வரைந்து பார்த்ததில் எழுந்தது இந்தக் கணக்கு. எளிமையால் நிலைத்துவிட்டது. 2001-இல் மேலும் பல ஆயிரம் மனிதரின் அளவுகளைத் தொகுத்து ஆராய்ந்தோர், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிப்பது பொருத்தம் என்றனர். நாற்பது வயதில் இரண்டு கணக்கும் ஒன்றே: 180. அறுபது வயதில் முன்னது 160 என்னும். பின்னது 166 என்னும்.

ஆயினும் இவையெல்லாம் சராசரி என்பதை மறவாதீர்கள். ஒரே வயதுடைய பலரைச் சோதித்தால், உண்மையான உச்சம் சராசரிக்கு 10 அல்லது 12 துடிப்பு மேலோ கீழோ இருப்பது மிகச் சாதாரணம்; இன்னும் விலகி நிற்போரும் உண்டு. தையற்கடையில் வயதைச் சொல்லி வாங்கும் ஆயத்தச் சட்டை போன்றது இது. பெரும்பாலோர்க்கு ஏறக்குறையப் பொருந்தும். எவர்க்கும் அளவெடுத்துத் தைத்ததன்று.

உச்சத்தில் 64 முதல் 76 சதவீதம் வரை துடிப்பு இருந்தால் அது மிதமான பயிற்சி. அதற்கு மேல் 90-ஐ ஒட்டிய சதவீதம் வரை கடுமையான பயிற்சி. பின்னர்ச் சொன்ன கணக்கின்படி மிதமான பயிற்சிக்குரிய துடிப்பு, 30 வயதில் 120 முதல் 142 வரை. 40 வயதில் 115 முதல் 137 வரை. 50 வயதில் 111 முதல் 131 வரை. 60 வயதில் 106 முதல் 126 வரை. 70 வயதில் 102 முதல் 121 வரை.

இதனினும் சற்று நுட்பமான வழியொன்று பின்லாந்து நாட்டிலிருந்து வந்தது. 1957-இல் கார்வோனன் என்பாரும் அவருடைய துணைவரும், இளைஞர் சிலரை ஓடும் பட்டையின்மீது பல வாரங்கள் ஓடவிட்டு, எந்தத் துடிப்பில் பயிற்சி பலன் தருகிறதென்று ஆராய்ந்தனர். ஓய்வுநிலைத் துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் இடையேயுள்ள தூரத்தை அவர்கள் அளவாகக் கொண்டனர். அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டி ஓடியவரே முன்னேற்றம் கண்டனர். அவர்கள் உடல்வலிவுள்ள வாலிபர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நெடுங்காலம் அமர்ந்தே இருந்தவர்க்கு 40 சதவீதமே நல்ல பலன் தரும் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. 40 முதல் 59 வரை மிதமானது. 60-க்கு மேல் கடுமையானது என்று இன்று வகுத்திருக்கின்றனர்.

எடுத்துக்காட்டாக, 50 வயதுடைய ஒருவருக்கு ஓய்வுநிலைத் துடிப்பு 74 என்று கொள்வோம். உச்சம் 173. இடைப்பட்ட தூரம் 99. அதில் 40 சதவீதம் ஏறக்குறைய 40. அதை 74-உடன் கூட்டினால் 114. இது கீழெல்லை. 60 சதவீதம் ஏறக்குறைய 59, கூட்டினால் 133. இதற்குள் இருப்பது அவருக்கு மிதமான பயிற்சி. சில மாதப் பயிற்சிக்குப் பின் அவருடைய ஓய்வுநிலைத் துடிப்பு 66-க்கு இறங்கிவிட்டதானால், கணக்கும் 109 முதல் 130 என்று மாறும். ஓய்வுநிலைத் துடிப்பு இறங்குவது நற்செய்தி. ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் முன்னினும் மிகுதியான இரத்தத்தை இறைக்கிறது. ஆகவே குறைந்த துடிப்பிலேயே உடலின் தேவை நிறைவேறுகிறது என்பது அதன் பொருள்.

இப்போது நண்பரின் கதைக்கு வருகிறேன். நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் தேகப்பயிற்சி ஆசிரியனாக இருந்தவன். நண்பர் மும்பை மாதுங்காவில் வாழ்பவர். அலுவலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அப்போது அவருக்கு 61 வயது. தம் தமையனார் மாரடைப்பால் இறந்த செய்தி கேட்டு ஊருக்குச் சென்று திரும்பியவர், தொலைபேசியில் என்னை அழைத்து, “இனிச் சும்மா இருக்கக் கூடாது ஐயா, எவ்வளவு வேகமாய் நடக்க வேண்டுமென்று சொல்லுங்கள்” என்றார். நான் கணக்கைச் சொன்னேன். 220-லிருந்து 61 போனால் 159. அதில் 70 சதவீதம், 110-ஐ ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று கேட்கத் தோன்றவில்லை.

அவருடைய மகன் நாடியைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தான். 110-ஐத் தொட்டால் ஒலி எழும்படி அதை அமைத்துக்கொண்டு நடக்கலானார். அரை மணி நேரம் விரைந்து நடந்தும் கடிகாரம் 88-ஐத் தாண்டவில்லை. தம் நடையில்தான் குறை என்று எண்ணினார். மறுநாள் ஓடினார். 93. அதற்கு மறுநாள் நடைமேம்பாலத்தின் படிகளில் ஏறி இறங்கி ஏறினார். கடிகாரம் ஒலிக்கவில்லை. கண் இருண்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிலேயே அமர்ந்துவிட்டார். அவ்வழியே வந்த கீரை விற்கும் அம்மையார் ஒருவர் தண்ணீர் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினாராம்.

அன்று மாலை என்னிடம் பேசியபோது அவர் சொன்ன ஒரு சொல் என்னைத் திடுக்கிடச் செய்தது. “இரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். அதுதான் இருதயத்தை அமுக்குகிறதென்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். நாளை அதை நிறுத்திவிட்டு ஓடிப் பார்க்கட்டுமா?” என்றார். மாத்திரையின் பெயரைக் கேட்டேன். மெட்டோப்ரொலால். உடனே நடையை நிறுத்தச் சொல்லி, மாத்திரையை நிறுத்தவே கூடாதென்று கெஞ்சி, மறுநாள் அவருடைய டாக்டரிடம் அனுப்பினேன்.

டாக்டர் விளக்கியது இதுதான். மெட்டோப்ரொலால், அடினலால், ப்ரொப்ரனலால் முதலியன பீட்டா தடுப்பான்கள் என்னும் வகையைச் சேர்ந்தவை. அட்ரினலின் இருதயத்தை விரட்டாதபடி அவை தடுக்கின்றன. அதுவே அவற்றின் வேலை. அதனால் எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு ஓர் அளவுக்குமேல் ஏறாது. நண்பரின் உடல் கடும் உழைப்பின் எல்லைக்குச் சென்றுவிட்டபோதும், நாடி மட்டும் “இன்னும் போதாது” என்று சொல்லிக்கொண்டிருந்தது. வயதைக் கழிக்கும் எந்தக் கணக்கும் அத்தகையோர்க்குப் பொருந்தாது. மேலும், அம்மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அடக்கி வைத்த வேகம் திரும்பப் பாய்ந்து, நெஞ்சுவலியும் மாரடைப்புங்கூட நேரலாம். நண்பர் அன்று அதை நிறுத்திவிட்டு ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணி நான் உறங்காத இரவுகள் உண்டு. அன்று முதல், எவர் வந்து கேட்டாலும், கணக்கைச் சொல்லுமுன் மருந்தைக் கேட்கிறேன்.

அப்படியானால் மருந்து உண்பவர் எதைக் கொண்டு அளப்பது? பேச்சைக் கொண்டு அளக்கலாம். நடக்கும்போது துணைக்கு வருபவரோடு முழு வாக்கியங்களாகப் பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. தாராளமாகப் பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க நேர்ந்தால் அது கடுமையான பயிற்சி. கேட்பதற்கு எளிதாய்த் தோன்றும் இச்சோதனையை ஆராய்ச்சிக் கூடங்களிலும் ஒப்பிட்டுப் பார்த்து நம்பத்தக்கதென்று கண்டிருக்கின்றனர். ஸ்வீடன் நாட்டு அறிஞர் குன்னார் போர்க், உழைப்பின் கடுமையை உழைப்பவரே மதிப்பிடுவதற்கு 6 முதல் 20 வரை எண்ணிட்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். 6 என்பது முழு ஓய்வு. 20 என்பது தாளமுடியாத உச்சம். 12, 13 என்பவை சற்றே கடினம். ஆரோக்கியமான நடுவயதினர்க்கு அவ்வெண்ணைப் பத்தால் பெருக்கினால் நாடித்துடிப்புக்கு ஏறத்தாழ அருகில் வரும்படி அது அமைக்கப்பட்டது. உடல் தன்னைத்தானே அறியும் என்பதற்கு இது சான்று. நாடியும் மூச்சும் ஒன்றையே சொல்லும்போது நம்புங்கள். வேறுபட்டால் மூச்சின் பக்கம் நில்லுங்கள்.

நாடி கூடுதலாகத் துடிக்கும் சமயங்களும் உண்டு. ஜூன் மாதத்துத் தில்லி வெயிலிலும், மும்பை, கொல்கத்தா நகரங்களின் புழுக்கத்திலும், உடலைக் குளிர்விக்க இரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. வியர்வையால் உடலின் நீரும் குறைகிறது. ஆகவே அதே நடைக்கு அதிகத் துடிப்பு வேண்டியதாகிறது. 2,200 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லாவிலும், 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயிலும், காற்றில் பிராணவாயுவின் அழுத்தம் குறைவாதலால், புதிதாய்ச் சென்றவர்க்கு ஓய்விலேயே நாடி விரைகிறது. உறக்கமின்மை, காய்ச்சல், இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, மனக்கவலை ஆகியவையும் அவ்வாறே செய்யும். இங்கெல்லாம் நாடி பொய் சொல்லவில்லை. இருதயத்தின் சுமை உண்மையாகவே கூடியிருக்கிறது. “நேற்று இவ்வளவு தூரம் நடந்தேனே” என்று பிடிவாதம் பிடிக்காமல், எண்ணுக்குக் கட்டுப்பட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்வதே முறை. காய்ச்சல் உள்ள நாளில் பயிற்சியே வேண்டாம். மலைநாட்டுக்கு மாற்றலாகிச் செல்வோர் முதற்சில நாட்கள் ஓய்வுகொண்டு பின் தொடங்குக.

நாடி சொல்லாத ஆபத்தும் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் வடநாட்டு நகரங்களைச் சூழும் புகைமூட்டத்தை அது காட்டாது. வேகமாய் மூச்சு வாங்கும்போது அந்த நச்சுக்காற்றும் மிகுதியாக உட்செல்கிறது. காற்றுத் தரக் குறியீடு மோசமாயுள்ள நாளில் வெளியே நடவாமல் வீட்டினுள்ளேயே பயிற்சி செய்யுங்கள்.

கைக்கடிகாரங்களைப் பற்றியும் ஒரு சொல். அவை பச்சை ஒளியைத் தோலினுள் செலுத்தி, இரத்தம் அலையலையாய் வந்துபோகும்போது திரும்பிவரும் ஒளி மாறுவதைக் கொண்டு துடிப்பைக் கணக்கிடுகின்றன. பட்டை தளர்ந்திருந்தாலும், கை பெரிதும் குலுங்கினாலும், குளிரால் தோலில் இரத்த ஓட்டம் குறைந்தாலும் எண் பிழைபடும். மார்பில் கட்டும் பட்டை, இருதயத்தின் மின்னலைகளையே நேரடியாய் அளப்பதால் மிகத் துல்லியமானது. கடிகாரம் விந்தையான எண்ணைக் காட்டினால் அஞ்சுவதற்கு முன் விரலால் எண்ணிப் பாருங்கள். விரலுக்கு விலையும் இல்லை, மின்னேற்றமும் வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் எவ்வாறு நடைமுறையிற் கொள்வது? உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிவுரைப்படி, பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிஷம் கடுமையான பயிற்சியோ செய்ய வேண்டும். வாரத்தில் இரு நாட்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். நெடுநாள் பழக்கமில்லாதவர் முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 10 நிமிஷம் நடந்தால் போதும். வாரந்தோறும் சில நிமிஷங்களைக் கூட்டி அரை மணியை எட்டுங்கள். காலத்தை முதலில் கூட்டுக. வேகத்தைப் பின்னர்க் கூட்டுக. தொடக்கத்தில் ஐந்து நிமிஷம் மெல்ல நடந்து நாடியைப் படிப்படியாய் ஏற்றுங்கள். முடிவிலும் அவ்வாறே மெல்ல நடந்து இறக்குங்கள். ஓட்டத்திலிருந்து திடீரென நின்றுவிட்டால் இரத்தம் கால்களிலே தேங்கித் தலை சுற்றக்கூடும்.

பெண்மணிகளுக்கும் இக்கணக்குகள் பொருந்தும். வீட்டு வேலையே பயிற்சியன்றோ என்பவர்கள், வேலையின் நடுவில் ஒருமுறை நாடியை எண்ணிப் பார்க்கட்டும். எல்லைக்குள் வந்தால் அது பயிற்சியே. வராவிட்டால் அது களைப்பு மட்டுமே. கருவுற்றிருப்போர் எண்ணை நாடாமல், டாக்டரின் யோசனையோடு பேச்சுச் சோதனையைக் கொள்வது நலம்.

இருதய நோயுள்ளவர்களும், சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், வீட்டில் இளவயது மாரடைப்பு நேர்ந்தவர்களும் டாக்டரைக் கண்ட பின்னரே கடும்பயிற்சியில் இறங்க வேண்டும். ஓய்விலும் நாடி நாட்கணக்காய் 100-க்கு மேலிருந்தாலும், 50-க்குக் கீழிறங்கித் தலை சுற்றினாலும், ஒழுங்கின்றித் தாறுமாறாய்த் துடித்தாலும் தாமதியாமல் காட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தோள், கை, தாடைக்குப் பரவும் வலியோ, காரணமற்ற மூச்சுத் திணறலோ, குளிர்ந்த வியர்வையோ தோன்றினால் நாடியை எண்ணிக்கொண்டிராதீர்கள். உடனே நின்று, அமர்ந்து, உதவி கேளுங்கள். நாடெங்குமுள்ள அவசர அழைப்பு எண் 112.

வெளியூரில் வாழும் நமக்கு இங்கே ஒரு தனிக்கவலை உண்டு. அந்த நேரத்தில் அருகில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே வாழும் ஊரின் மொழியில் ஒரு சொற்றொடரையேனும் பாடம் செய்துகொள்ளுங்கள். வீட்டிலுள்ள முதியோர்க்கும் சொல்லிக் கொடுங்கள். இந்தியில் ‘ஸீனே மே தர்த்’, வங்காளத்தில் ‘புகே ப்யாதா’, மராத்தியில் ‘சாதீத் துக்தே’, கன்னடத்தில் ‘எதெ நோவு’, தெலுங்கில் ‘சாதி நொப்பி’. யாவற்றுக்கும் பொருள் ஒன்றே: நெஞ்சு வலிக்கிறது. உண்ணும் மருந்துகளின் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதும் நன்று.

என் மாதுங்கா நண்பர் இன்றும் நாள் தவறாமல் நடக்கிறார். கடிகாரத்தில் இப்போது மணி மட்டும் பார்க்கிறார். பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அவரோடு பேசும் பேச்சு அறுந்துபோகாத வேகத்தில் அரை மணி நேரம். கீரை விற்கும் அம்மையாரைக் காணும்போதெல்லாம் நின்று நலம் விசாரிக்கிறாராம். அதற்காகவே மராத்தி கற்றுக்கொள்கிறாராம்.

நாளைக் காலை நடக்கப் புறப்படுமுன் உங்கள் நாடியை ஒரு நிமிஷம் எண்ணிக் குறித்துவையுங்கள். நடந்து நின்றதும் 10 விநாடி எண்ணுங்கள். இந்த இரண்டு எண்களும் தேதியும் போதும். மூன்று மாதம் கழித்து அந்தக் குறிப்பைப் புரட்டிப் பார்க்கையில், முதல் எண் சிறிது இறங்கியிருக்கக் காண்பீர்கள். உங்கள் இருதயம் உங்களுக்குச் சொல்லும் நன்றி என்று அதைக் கொள்ளலாம்.